இருபதாவது குடும்பம்

ஃபரஜும் அவன் தம்பி யதுல்லாவும் ராசியானதற்கு ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது.

ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்து முகம் பார்க்காமல் இருந்தவர்கள். வால்நட் உலுக்க மரம் ஏறிய ஃபரஜ் விழுந்து காலை ஒடித்துக்கொள்ள, தம்பிதான் முதுகில் சுமந்து வந்தான். அன்றிலிருந்து ஒரே பானைச் சோறு. கூடிப்போனது நல்லதுதான், அதற்கு இந்த வாரமா கிடைத்தது? மறுநாள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒரே பானையில் உண்பவர்கள் கணக்கில் ஒரே குடும்பம். இருபது குடும்பம் இருந்தால்தான் எங்கள் கபூத்சாருக்குத் தனி ஊர்சபை, பனி தள்ள டிராக்டர். இப்போது பத்தொன்பது. டிராக்டர் இல்லாத காலத்தில்தான், பாதை அடைத்துக் கிடந்த ஒரு வாரத்தில், வைத்தியம் பார்க்க வழியின்றி என் கணவர் இறந்தார். ஊர் நிர்வாகியாக நான் அந்த டிராக்டரை விடுவேனா?

நேரே ஃபரஜின் வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் ரெண்டு அடுப்பு பத்த வைங்கப்பா. நாளான்னிக்கு மறுபடி கட்டிப்புடிச்சுக்கங்க!"

ஃபரஜின் மனைவி மஹ்லகா கரண்டியும் கையுமாக வந்தாள். "ஒம்பது வருஷம் எங்க சண்டைய ஊரே வேடிக்கை பார்த்துச்சு. இப்ப நடிச்சும் காட்டணுமா? போ தூபா, வேற வேலையப் பாரு."

மறுநாள் கணக்கெடுக்க வந்த பெண், நசீபா, வீடு வீடாக எழுதினாள். நானும் என் அண்ணன் ஹெய்தரும் கூடவே நடந்தோம். ஃபரஜ் கட்டுக்காலை நீட்டிக்கொண்டு, "ஒரே அடுப்பு" என்றான். அவனைக் கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது.

"பத்தொம்பது" என்று பேனாவை மூடினாள் நசீபா. "நீங்க யார் வீட்டுல சாப்பிடறீங்க, தூபாம்மா?"

"அண்ணன் வீட்டுல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அண்ணன் முகம் வெளுத்தது. இரண்டு வருடமாக ஊர்சபை அலுவலகத்தின் பின்னறையில் நானே சமைத்து நானே சாப்பிடுகிறேன். விதவைத் தங்கையை அண்ணன் விரட்டிவிட்டான் என்று ஊர் பேசும் என்பதால் இருவரும் மூடி மறைத்தோம். ஒன்றாகிவிட்டவர்களைப் பிரிந்ததாகச் சொல்லச் சொன்னவள், பிரிந்துவிட்ட நான் ஒன்றாயிருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்லம்மா, தப்பாச் சொல்லிட்டேன். நான் தனியாத்தான் சமைச்சுச் சாப்பிடறேன்" என்றேன், அண்ணன் பக்கம் பார்க்காமல். "யாரும் விரட்டல. எனக்கு அப்படித்தான் பிடிச்சிருக்கு."

"ஒருத்தர்னாலும் தனிக் குடும்பந்தான்" என்று பேனாவைத் திறந்தாள் நசீபா. "தலைவர் பேரு?"

அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தூபான்னு எழுதுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு வருஷமா ஒரு வாய் டீக்குக் கூப்பிட்டியா? இனிமே நான் விருந்தாளி. போய்ச் சோத்தை வை."

அரிசியை இரண்டு பேருக்கு அளந்து போட்டேன்.