தோலுக்கடியில் சுண்டெலி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து ஞானசேகரன் பனியனோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. ஆனால் புஜத்தில், தோலுக்கடியில், ஏதோ குடுகுடுவென்று ஓடியது. தட்டை எடுக்க வந்த மகள் ஸ்வர்ணா, தட்டை மறந்து அதையே பார்த்து நின்றாள்.

எல்லாம் அவள் வாயால் வந்த வினை. பிசியோதெரபி முதல் வருட வகுப்பில் மசில் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சொன்னார்கள். லத்தீனில் சுண்டெலி என்று அர்த்தமாம். கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் தெரிந்ததால் வைத்த பெயராம். அன்று சாயங்காலமே அதை அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். மர்பி டவுன் வீடுகளின் மாடிப்படிகளில் இருபது வருடமாக கேஸ் சிலிண்டர் சுமக்கிற மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி எலி காட்டினார்.

மடக்கினால் ஓடுகிற எலி சரி. மடக்காமலே ஓடினால்? அதை முதலில் பார்த்த அன்றே சீனியர் ஒருத்தியின் புத்தகத்தில் தேடினாள். தேடாமலே இருந்திருக்கலாம். வெறும் களைப்பாகவும் இருக்கலாம், நரம்பு செத்துக்கொண்டு வருவதாகவும் இருக்கலாம் என்று போட்டிருந்தது. அதிலிருந்து அவள் கண் அப்பாவின் வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தசை வற்றி விழுந்திருந்த குழியை விட்டு நகரவில்லை. இடது கையில் அந்தக் குழி இல்லை. மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ப்பா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். நரம்புக்கு ஒரு டெஸ்ட் இருக்குது."

"எனுக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு? நீதானம்மா சொன்ன, எலின்னு. சும்மா குந்தினு இருக்கசொல்லகூட ஓடுது பாரு. அவ்ளோ பலம்!"

"சும்மா இருக்கும்போது ஓடக்கூடாதுப்பா."

சொன்ன பிறகுதான் தன் குரல் நடுங்கியதை அவள் கவனித்தாள். அவரும் கவனித்தார். பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். விரல் வழுக்கியது. மறுபடி திருகினார். அசையவில்லை. பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"போன வாரம் ரெண்டு தபா சிலிண்டர் கைய வுட்டு நழுவிச்சு," என்றார், சமையலறைப் பக்கம் பார்த்தபடி. "அம்மாகிட்ட சொல்லாத."

அப்படியானால் அவருக்குத் தெரியும். தெருவெல்லாம் காட்டித் திரிந்ததும் அந்தப் பயத்தில், கையில் பலம் இருக்கிறது என்று தன்னையே நம்பவைக்கத்தான்.

"எத்தினி மணிக்குப் போவணும்?"

"ஒம்போதுக்கு."

மூடியைத் திறந்து அவருடைய இடது கையில் கொடுத்தாள். அவர் மடக்மடக்கென்று குடித்தார். மடியில் கிடந்த வலது கையில், யாரும் கூப்பிடாமலே, எலி ஓடிக்கொண்டிருந்தது.