மடவைப் பாத்தி

குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெண்கள் மூன்றாவது தடவையாக மஞ்சள் கேட்டார்கள். பார்வதியம்மாளின் கால் நகங்களுக்குள் இருந்த கறுப்புச் சேறு போகவில்லை. குதிகால் வெடிப்புகளிலும் அது கோடு கோடாக ஏறியிருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சுற்றியிருந்த தோல்தான் வெளுத்தது.

கோடிச் சேலையோடு மறைப்புக்கு வெளியே நின்ற அவளுடைய அண்ணன் பிரம்மநாயகம், "எலுமிச்சம்பழத்த வச்சுத் தேய்ங்கம்மா. எந்தங்கச்சியச் சேத்துக் காலோடயா அனுப்புதது?" என்றார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் கணேசபாண்டியன் தலையை நிமிர்த்தினார்.

"இருக்கட்டும் மச்சான். அவ கால் அப்படித்தான்."

காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் இரண்டாவது குடத்தைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள். ஆண்டாப் ஹில் மேட்டில் டாக்ஸி ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவர் கணேசபாண்டியன்தான்.

அவருக்குத் தாராவியில் லேத் பட்டறையில் வேலை. பார்வதிக்கு வடாலா உப்பளத்தில் உப்புச் சுமக்கிற வேலை. மழை பிடித்துவிட்டால் நாலு மாதம் அளத்தில் வேலை கிடையாது. பாத்திகளில் மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து சும்மா கிடக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால், அறுபத்து மூன்றாம் வருஷ மழையில், உடைந்த மடை வழியாகக் கடல் ஓடைத் தண்ணீரோடு மடவை மீன் குஞ்சுகள் பாத்திக்குள் ஏறி வருவதை அவள் பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பழைய சேலையை விரித்து அதையெல்லாம் அள்ளிக் குழம்பு வைத்தார்கள். சுண்டுவிரல் நீளம்கூட இராது. "பச்சப்புள்ளயப் போயி அள்ளித் திங்கியளே, நாலு மாசம் பொறுத்தா என்ன?" என்று சண்டைக்குப் போனவள், நேராக அளத்துச் சேட்டிடம் போய், மழை நாளில் நாலு பாத்திகளைத் தனக்கு விடும்படி கேட்டாள். ஐப்பசிப் பௌர்ணமி வரைக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டார். உப்புக்கு உதவாத மூலைப் பாத்தி ஒன்றை வருஷம் முழுக்கவே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த வருஷம் மீன் கைப்பிடிதான் தேறியது. அடுத்த வருஷம் கரை உடைந்து எல்லாம் கடலோடு போயிற்று. அவள் விடவில்லை. தாராவியின் மீனவர் குப்பமான கோலிவாடாவிலிருந்து ஹிராபாயைக் கூட்டி வந்து, இரண்டு விரல் நுழைகிற கண்ணி வைத்து வலை பின்ன வைத்தாள். அதைவிடச் சின்னது எதையும் பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தாள். அகப்பட்டால் மூலைப் பாத்தியில் விட வேண்டும். ஓடையோரத்து அலையாத்திச் செடியை விறகுக்கு வெட்டக் கூடாது. குஞ்சு ஒதுங்குவது அதன் வேரில்தான். விறகு விஷயத்தில் பக்கத்து வீட்டு மதீனா பீவி அவளோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தாள். பிறகு அந்த மதீனாவே வெட்ட வந்தவர்கள் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கினாள். இப்போது தமிழும் மராட்டியுமாகப் பதினொரு வீட்டுப் பெண்கள் அந்தப் பாத்திகளை நம்பியிருந்தார்கள்.

கணேசபாண்டியன் ஒருநாளும் அங்கே போனதில்லை. பட்டறையில் யாராவது, "உம்ம வீட்டம்மா சேத்துல எறங்கி என்னவே பண்ணுதாவ?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். போன மாதம் சர்க்கார் மீன் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து பாத்தியைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள் என்பதுகூட அவருக்குப் பேருந்தில் வேறொருவர் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கேட்டபோது, "ஆமா, வந்தாவ. கேட்டதுக்குச் சொன்னேன்," என்றாள். சோற்றைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

இரண்டரை மணிக்குள் நீர்மாலைச் சடங்கெல்லாம் முடிந்துவிட்டது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஹிராபாய் மட்டும் உட்காரவில்லை. கண்ணைத் துடைப்பதும் தெருவில் விழுந்த நிழலைப் பார்ப்பதுமாக நின்றாள். மதீனா எழுந்து போய் அவள் காதில் ஏதோ அதட்டினாள்.

கணேசபாண்டியன் கவனித்துவிட்டார். "என்ன மதீனா?"

"ஒண்ணுமில்லண்ணே."

ஹிராபாய் அவர் முன்னால் வந்தாள். "பாவ், ஆஜ் பூனம் ஹை. பானி உதர் ரஹா ஹை."

அவருக்குப் புரிந்தது. இன்று பௌர்ணமி, ஓடையில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. சேட்டு சொன்ன கெடு இன்றோடு முடிகிறது.

"இன்னிக்கு மட தொறக்கணுமோ?"

மதீனா தலையைக் குனிந்துகொண்டாள். "நாலு மணிக்குத் தொறந்தா ஆறரைக்குள்ள வத்திரும்ணே. நாளைக்கு விடிஞ்சா சேட்டு ஆளுவ வந்து கரைய வெட்டிருவாங்க. மீனு பூராம் ஓடைக்குப் போயிரும். போனாப் போவுது. அக்கா இங்க கெடக்கயில எங்களுக்கு மீனு ஒரு கேடா?"

"நீங்க போங்க. நாங்க பாத்துக்கிடுதோம்," என்றார் கணேசபாண்டியன்.

"அக்காவ எடுக்காம ஒருத்தியும் போமாட்டோம்," என்றாள் மதீனா. பின்னாலிருந்த பெண்களும் அசையவில்லை.

பிரம்மநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவு வீட்டுல ஒக்காந்து மீன் பேச்சா? மாப்ள, இதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருக்கியரு? நாலு பேரு சிரிப்பான்."

கணேசபாண்டியன் உள்ளே போனார். கோடிச் சேலையில் பார்வதி கிடந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம். அவள் காலருகில் போய்க் குனிந்தார். நகத்தோரத்துக் கறுப்பு மஞ்சளையும் மீறித் தெரிந்தது. வெளியே வந்து, "தூக்குங்க. நேரமாச்சு," என்றார்.

மூன்றேகாலுக்குப் பாடை புறப்பட்டது. கொள்ளிச்சட்டியோடு அவர் முன்னால் நடந்தார். தெருமுனையில் பெண்கள் வழக்கம்போல நின்றார்கள். சயான் சுடுகாட்டுக்கு அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். கணேசபாண்டியன் வலது பக்கம் திரும்பினார்.

"மாப்ள! வழி அதுல்லா?"

"அளத்து வழியாப் போவோம் மச்சான்."

"ஒரு மைலு சுத்துல்லா வே! சேறும் சகதியுமாக் கெடக்கும்."

"அவ தெனமும் நடந்த சேறுதான்," என்றார். பின்பு நின்று, பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் நின்னுட்டிய? வாங்க. அவ கூட வந்து தொறங்க."

கொள்ளிச்சட்டி போகிற வழியில்தான் பாடை போக வேண்டும். பிரம்மநாயகம் முணுமுணுத்துக்கொண்டே தோளை மாற்றிக்கொண்டார். மதீனா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். சங்குக்காரன் ஊதினான்.

அளத்துக் கரையில் பாடையை இறக்கினார்கள். பாத்திகள் நாலும் வானத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தன. அலையாத்திச் செடிகள் ஓடையோரம் முழுக்க ஆள் உயரத்துக்கு அடர்ந்து நின்றன. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கணேசபாண்டியன் நினைத்திருக்கவில்லை. ஹிராபாய் மடை வாயில் வலையைக் கட்டி முடித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"தொறங்க," என்றார்.

மடைப்பலகையை நாலு பெண்கள் சேர்ந்து தூக்கினார்கள். தண்ணீர் இரைச்சலோடு ஓடையை நோக்கிப் பாய்ந்தது. முதலில் பாசிதான் வந்தது, பச்சைக் கட்டிகளாக. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பாத்தியின் நடுவில் தண்ணீர் நடுங்கியது. ஒரு மடவை எம்பிக் குதித்தது. அதன் பின்னால் பத்து, அதன் பின்னால் எண்ண முடியாதபடி, சாணுக்கு மேல் நீளமான மீன்கள் வெயிலில் வெள்ளி வீசிக்கொண்டு வலையில் வந்து விழுந்தன. பாடை தூக்க வந்த ஆண்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒரு வயசாளி, "யாரு வளத்தது இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டார்.

"எம் பெஞ்சாதி," என்றார் கணேசபாண்டியன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

பெண்கள் இடுப்பளவு சேற்றில் நின்று அழுதுகொண்டே மீனை அள்ளினார்கள். ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சங்குச் சத்தம் கரையோடு தூரத்துக்குப் போயிற்று.

எல்லாம் முடித்துக் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு கணேசபாண்டியனும் பிரம்மநாயகமும் திரும்பியபோது அந்தி. போன வழியாக வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். பிரம்மநாயகம்தான், "மீனு என்ன ஆச்சுன்னு பாத்துட்டுப் போவோம் மாப்ள," என்றார்.

கூடைகள் நிறைந்து கரையில் வரிசையாக இருந்தன. பெண்கள் இன்னும் போகவில்லை. ஒற்றையடிக் கரைமேல் ஒருத்தி பின் ஒருத்தியாகப் பதினொரு பேரும் தலையில் பானையோடு மூலைப் பாத்தியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். தளும்பிவிடாமல் மெதுவாக நடந்தார்கள். பானைகளுக்குள் குஞ்சுகள் துள்ளுகிற சின்னச் சத்தம் கேட்டது.

முன்னால் வந்த மதீனா நின்றாள். கரை ஒரு ஆளுக்குத்தான் அகலம்.

"அண்ணே, வழி," என்றாள்.

கணேசபாண்டியன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கரையிலிருந்து சேற்றுக்குள் இறங்கினார். ஒரு கணம் தயங்கிவிட்டு, பிரம்மநாயகமும் அவர் பக்கத்தில் இறங்கி நின்றார். பானைகள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து போயின.