உள்ளே இன்னும் எரியுது

தீக்காய வார்டில் சாப்பாடு எழுதிக் கொடுக்கிற டயட்டீஷியனுக்கு ‘தராசு’ என்று பட்டப்பெயர். முட்டையைக்கூட நிறுத்துத்தான் கொடுப்பாள். அப்பேர்ப்பட்டவள் தன் வாயிலிருந்து விழுகிற சொல்லை மட்டும் ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை.

மூன்றாம் கட்டிலில் பத்து வயதுப் பெண். துணியில் தீப்பிடித்து முதுகும் தொடையும் வெந்து ஆறு வாரம் ஆகிறது. கரைகிற சதையைக் காப்பாற்றத் தினமும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டார்கள். “அக்காவவிட உசரமாயிடுவேனா?” என்று கேட்டு அந்தப் பெண் வார்டையே சிரிக்க வைத்தாள். ஆனால் எட்டு நாளில் எடை ஒன்றரைக் கிலோ இறங்கிவிட்டது. “இன்னும் இறங்கினா திங்கக்கிழமை தோல் ஒட்ட முடியாது. ஊசியையும் நிறுத்திடலாம்” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தராசுக்கு மண்டை காய்ந்தது. எழுதிக் கொடுத்ததெல்லாம் உள்ளே போவதாகத்தானே தாள் சொல்கிறது! காலி டம்ளரைப் பார்த்துப் பார்த்து நர்ஸ் டிக் அடித்திருந்தாள்.

மத்தியானம் தராசு சொல்லாமல் கொள்ளாமல் வார்டில் போய் நின்றாள். பெண்ணின் அம்மா சத்துப்பாலில் பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவித்த முட்டை காகிதத்தில் சுருட்டிக் கிடந்தது.

“என்னம்மா பண்றீங்க?”

அவள் பதறவே இல்லை. “நீங்கதானே மேடம் சொன்னீங்க, வெளிய அணைஞ்சாலும் உள்ள இன்னும் எரிஞ்சிக்கிட்டே இருக்குன்னு. எரியிற எடத்துல யாராவது வெறகு போடுவாங்களா? நான் அணைக்கப் பாக்குறேன்.”

எட்டு நாளுக்கு முன்னால் அப்படிச் சொன்னது தராசுதான். படுத்தே கிடந்தாலும் இந்த உடம்பு ஓடுகிற உடம்பைவிட அதிகமாகச் செலவழிக்கிறது என்று பொறுமையாக விளக்க வேண்டியதை, அழகாகச் சொல்கிற நினைப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அது நம்மால அணைக்கிற நெருப்பு இல்லம்மா. நாம வெறகு போடலன்னா இவ சதைய எடுத்து எரிச்சுக்கும். சாப்பாடு இல்லாம ஊசி மட்டும் என்ன பண்ணும்? உங்க மேல தப்பில்ல, நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்போ எட்டு நாளா பெத்த புள்ளையப் பட்டினி போட்டிருக்கேனா?” மகளிடம் திரும்பினாள். “ஏன்டி, பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“வயித்துக்குள்ள எரிஞ்சுதும்மா,” என்றாள் பெண். “அதான் அந்த நெருப்புன்னு நெனச்சேன். சொன்னா நீ பயந்துடுவ.”