ஹால்வருக்கு ஒரு 'ம்'

அன்று மாவு மில் மாடியில் இருந்தவர்கள் ஆறு பேர்: மில்லுக்குச் சொந்தக்காரரான ரத்தினாம்பாள் அக்கா, டயர்க்கடை காளியண்ணன், தையற்கடை யூசுப் பாய், நான், நார்வே இன்ஸ்பெக்டர் ஹால்வர், அவருடைய நாவலின் பிணம். ஆளுக்கு ஒன்றாக ஆறு வடை வாங்கியிருந்தேன்.

தாராபுரத்தில் வாசகர் கூட்டம் நடக்கும் முறை இது. துப்பறியும் வரிசையின் முதல் நாவல் வந்தால், அதன் இன்ஸ்பெக்டர் பிணத்துடன் நேரில் வந்து அபிப்பிராயம் கேட்க வேண்டும். முடிவில் அக்கா கடைசி வரிகளை வாசிப்பார். யாராவது 'ம்' கொட்டினால் இன்ஸ்பெக்டர் இரண்டாம் நாவலுக்குப் போகலாம். 'ம்' கொட்டியவர் அதில் பிணமாக அவரோடு போக வேண்டும். பழைய பிணத்துக்கு விடுதலை. யாரும் கொட்டாவிட்டால் இன்ஸ்பெக்டர் இங்கேயே தங்கிவிடுவார். டென்மார்க்காரர் பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கிறார். ஐஸ்லாந்துக்காரர் ஐஸ் கம்பெனியில் இருக்கிறார். அங்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

ஹால்வர் ஈரக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. கோபித்துக்கொண்டு போன மகளாக இருக்கும் என்று நம்பினார். எடுத்துப் பேசுவது இரண்டாம் நாவலில்தான் முடியும்.

அக்காவும் பாயும் முதலிலேயே வடையைத் தின்றுவிட்டார்கள். காளியண்ணன் ஆரம்பித்தார்.

"ஏனுங்க்கா, இதுக்குப் பேரு நாவலுங்களா? பனி பெய்யுது, காபி குடிக்கறான். மறுக்காப் பனி பெய்யுது, மறுக்காக் காபி குடிக்கறான். நடுவுல ஒருத்தன் செத்துக் கெடக்கறான், எடுத்துப் போட ஆளில்லீங்."

"எடுத்தாங்க. நூத்திப் பன்னெண்டாம் பக்கம்," என்றது பிணம்.

"நீ பேசாதய்யா. நீ செத்ததுதான் இந்தப் புஸ்தகத்துலயே உருப்படியான வேலை. நான் பாதியிலயே மூடி வெச்சுட்டனுங்."

"பதினொண்ணாம் பக்கத்துல கோட்டுப் பொத்தான் அறுந்துச்சு," என்றார் யூசுப் பாய். "கடைசி வரைக்கும் தைக்கலை. சொந்தப் பொத்தானைக் கவனிக்காதவரு கொலைகாரனைக் கண்டுபிடிச்சாராம்." திட்டிக்கொண்டே ஊசியில் நூல் கோத்து, ஹால்வரின் கோட்டில் பொத்தானைத் தைத்தார்.

"நாப்பதாம் பக்கத்துலயே பல் டாக்டர்தான்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் அக்கா. "அந்நேரத்துக்கு ரெண்டு மூட்டை மொளகா அரைச்சிருப்பேன்."

ஹால்வர் காபி குடித்தது எழுபத்து நான்கு முறை. சாப்பிட்டது இரண்டு முறை, அதில் ஒன்று கனவு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அக்கா கடைசிப் பக்கத்தைப் பிரித்து வாசித்தார்: "ஹால்வர் பைக்குள் கைவிட்டார். கைப்பேசி அடித்தது. திரையில் பெயர் இல்லை."

பாய் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டார். நான் முன்னெச்சரிக்கையாக என் வடையை முழுதாக வாயில் வைத்துக்கொண்டேன். கைப்பேசி நின்றது. மறுபடி அடித்தது. ஹால்வர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துத் தொலைய வேண்டீதுதான?" என்றார் காளியண்ணன்.

"இந்தப் புத்தகத்தில் முடியாது," என்றார் ஹால்வர்.

மறுபடி நின்றது. மறுபடி அடித்தது. காளியண்ணன் கையிலிருந்த பாதி வடையைக் காகிதத்தின்மேல் வைத்தார்.

"ம்," என்றார்.

பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, மேசைமேல் படுத்தார். "பனியாம்ல. மப்ளர் இருந்தாக் குடுங்க பாய்." பாய் கொடுத்தார்.

ஹால்வர் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தார். வெகுநேரம் கேட்டார்.

"ம்," என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ம்."

காதிலிருந்து எடுக்காமலே, இன்னொரு கையால் காளியண்ணனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். தன் வடையைத் தொடவே இல்லை.

பிணம் எழுந்து காளியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பங்கு வடையைத் தின்று முடித்தது.

"முதல் அம்பது பக்கம் இழுவைங்க," என்றார் அவர்.

அக்கா டயர்க்கடைச் சாவியை அவரிடம் கொடுத்தார். மிச்சம் நான்கு பேர், ஒன்றரை வடை.