ஒருத்திக்கு ஆறு

பதினான்காம் எண் டோக்கனை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டு, அத்தை சட்டசபைக் கமிட்டி அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் எண்காரர் மைக்கின் முன்னால் நெற்றியை ஒற்றி ஒற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்தால் மேசைமேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும். மூன்று நிமிடம் என்றால் எவ்வளவு என்று அத்தைக்கு நன்றாகத் தெரியும். ஒரு குழந்தைக்கு ஈரத்துணி மாற்றிக் கை கழுவிவிட்டு வர ஆகும் நேரம் அது.

அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அண்ணன் மகள் அத்தை என்றாள், அதைக் கேட்டுக் காப்பகத்துக் குழந்தைகளும் அத்தை என்றன, பிறகு பெற்றவர்களுக்கும் தலை நரைத்த தபால்காரருக்கும்கூட அவள் அத்தையாகிவிட்டாள். காப்பகம் அண்ணியுடையது. அண்ணியின் பெயரில் உள்ள லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழே ஆறு குழந்தைகளுக்கு ஓர் ஆள் அறைக்குள் இருந்தே ஆகவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஆறைப் பத்தாக்கத்தான் இப்போது மசோதா வந்திருக்கிறது. ஆறே அதிகம் என்று பல வருடமாகப் புலம்புகிறவள் அத்தை. பத்து என்று கேள்விப்பட்ட அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காப்பகம் காப்பகமாக ஏறி இறங்கிப் பன்னிரண்டு பேரைப் பேசப் பெயர் கொடுக்க வைத்திருந்தாள். இன்று திரும்பித் திரும்பிப் பார்த்தும் அதில் ஒரு முகமும் தென்படவில்லை. கோபம்கூட வரவில்லை. வேலை நாளில் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் குழந்தை பார்க்கிறவள் எப்படி வருவாள்? வந்திருந்தவர்களில் பாதிப் பேர் குழந்தையைப் புகைப்படத்துக்காகத் தூக்கியவர்கள்.

பார்க்கப்போனால் அவளே வந்திருக்கக் கூடாது. உதவிக்கு வரும் பெண் காய்ச்சல் என்று காலையில் போன் செய்துவிட்டாள். பதினோரு குழந்தைகள், அத்தையும் அண்ணியும் இரண்டே பேர். அத்தை தோளில் மாட்டிய பையைக் கழற்றி ஆணியில் போட்டாள். அண்ணிதான் அதை எடுத்துவந்து அவள் கையில் திணித்தாள்.

“நீ போகலேன்னா வேற யாரு போவா? ரெண்டு மணி நேரம்தானே, நான் பாத்துக்கறேன். எல்லாத்தையும் தூங்க வெச்சிடறேன்.”

பதினோரு குழந்தைகளும் ஒரே நேரத்தில் தூங்கிய நாள் அந்தக் காப்பகத்தின் சரித்திரத்திலேயே கிடையாது. அது இருவருக்கும் தெரியும். தெரிந்தே ஒருத்தி அனுப்பினாள், தெரிந்தே ஒருத்தி வந்தாள். எதைச் செய்துவிட்டு எதைப் பேசப் போகிறோம் என்பது பஸ் ஏறிய பிறகுதான் அத்தைக்கு உறைத்தது. 

பதின்மூன்றாவதாகப் பேசியவள் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தாய். ஏழு காப்பகங்களில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும், பத்தாக்கினால் தன் குழந்தைக்கும் ஓர் இடம் கிடைக்குமே என்றாள். அத்தைக்கு அவள்மேல் ஒரு குற்றமும் சொல்லத் தோன்றவில்லை. அந்த ஏழு வாசல்களில் ஒன்று தன்னுடையதாகவே இருக்கலாம்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டு வந்த தாளை அத்தை பிரிக்கவே இல்லை. தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் குழந்தை அழாது, சத்தமும் வராது, முகத்தில் நிறம்தான் மாறும், அந்த நேரத்தில் ஒரு கண் அந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்றாள். தீ மணி அடித்தால் நடக்கத் தெரியாததில் இரண்டைத் தூக்கலாம், உயிரைக் கொடுத்தால் மூன்று, மிச்சத்தில் எதை விட்டுவிட்டு ஓடவேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.  நடுவில் இருந்த தலைவி அம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

ஓரத்தில் இருந்த கண்ணாடிக்கார உறுப்பினர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“நல்லாச் சொன்னீங்க. ஒரு சின்னச் சந்தேகம். நீங்க இங்க வந்துட்டீங்க. உங்க அறையில இப்ப எத்தனை குழந்தை, எத்தனை பேர் பாத்துக்கறாங்க?”

 இரண்டு பேர் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, யார் போய் எண்ணப் போகிறார்கள்? ஆனால் அதைச் சொன்ன வாயால் இதுவரை பேசியதெல்லாம் என்ன ஆகும்? உண்மையைச் சொன்னாலோ, ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவளின் வீட்டு லட்சணம் இது என்றாகிவிடும். அண்ணியின் லைசென்ஸுக்கும் வேட்டு. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது மூன்று நிமிடக் கணக்குக் கிடையாது.

“பதினோரு குழந்தை. ஒரே ஆள்.”

பெஞ்சுகளில் சலசலப்பு எழுந்தது. அப்படியானால் ஒரே ஆளால் முடிகிறது என்றுதானே அர்த்தம் என்றார் கண்ணாடிக்காரர்.

“முடியலைங்க. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை, அவ்வளவுதான். அதுகூட எனக்கு நிச்சயமாத் தெரியாது. காலையிலேருந்து எனக்கு மூச்சே சரியா வரலை.”

சிவப்பு விளக்கு எரிந்தது. தலைவி அம்மாள் தன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“அம்மா, நீங்க சொன்னது விதிமீறல். குறிப்புல ஏறினா நாங்க ஆய்வுக்கு அனுப்பியே ஆகணும். வேணும்னா அந்தக் கேள்வியையும் பதிலையும் எடுத்துடச் சொல்றேன்.”

தட்டச்சுக்காரி விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நல்ல மனுஷி இந்தத் தலைவி. எடுத்துவிடுங்கள் என்றால் போதும், அண்ணி தப்பித்தாள். ஆனால் எடுத்துவிட்டால் மிஞ்சுவது தீ மணியும் மூன்று குழந்தைகளும், கேட்க நன்றாக இருக்கும் பேச்சு மட்டும்தான். நடந்ததை யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். காப்பகத்துக்காரிகள் எல்லோரும் இப்படித்தான் மென்று விழுங்கினார்கள், அதனால்தான் மசோதா கொண்டுவந்தவர்களுக்குப் பத்து என்று கேட்கத் துணிச்சல் வந்தது. அண்ணியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் அவள் கழுத்தில் கத்தி வைப்பதா? அத்தைக்கு அழுகை முட்டியது. தன்மேல் வெறுப்பாகவும் இருந்தது.

“இருக்கட்டும்மா. எழுதிக்கட்டும்.”

வெளியே வந்ததும் அண்ணிக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தாள். மூன்றாம் தடவை செய்யவில்லை, எடுக்க அங்கே கை ஏது? பஸ்ஸுக்கு நிற்காமல் டாக்ஸி பிடித்தாள். வழியெல்லாம் ஓட்டுநரை விரட்டி அவரிடம் முறைப்பு வாங்கிக் கட்டிக்கொண்டாள். இறங்கியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, அறைக் கதவைப் பாதி திறந்தாள்.

பதினொன்றும் இருந்தன. அண்ணி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒன்று, மடியில் இரண்டு. ஒரு காலை நீளமாக நீட்டி, கதவை நோக்கித் தவழ்ந்து வந்த ஒன்றைத் தடுத்து வைத்திருந்தாள். மற்றக் கால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. முடி அவிழ்ந்து முகமெல்லாம் விழுந்து, ஒதுக்கிவிடக் கையில்லாமல் வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். அத்தையைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது.

“நல்லாப் பேசினியா?”

அத்தை வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி, தோளில் அழுதுகொண்டிருந்ததை மெல்லக் கழற்றி, இரண்டு கையாலும் அவளை நோக்கி உயர்த்தி நீட்டினாள். குழந்தை அந்தரத்தில் காலை உதைத்தது. அத்தையின் கை இன்னும் கதவுப் பிடியிலேயே இருந்தது.