எண்பத்தெட்டாம் பக்கம்

அச்சகத்திலிருந்து புத்தகம் வந்து இறங்கும் அன்றைக்கே அதற்கு விழாவும் வைக்கும் பழக்கத்தை எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்தானோ தெரியவில்லை. எழுதியவளுக்கே தன் நாவலைப் புரட்டிப் பார்க்க, விழாவுக்குச் சற்று முன்புதான் வாய்த்தது. புத்தகக் கடையின் பின்னறையில், பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து புரட்டினாள். எண்பத்தெட்டாம் பக்கத்தில் ‘சிட்டு’ என்ற பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள்.

சிட்டு என்பது அவளுடைய அக்காவை வீட்டில் கூப்பிடும் பெயர். முதலில் அந்தப் பெயரை வைத்துத்தான் அந்த அத்தியாயத்தை எழுதினாள். பிறகு பயந்துபோய் எல்லாவற்றையும் மாற்றி, சிட்டுவைத் தூக்கிவிட்டு ஒரு தபால்காரரைப் போட்டாள். கணினியில் பழையதற்குக் ‘கடைசி’ என்றும் புதியதற்குக் ‘கடைசிக்கும் கடைசி’ என்றும் பெயர் வைத்த மகராசி, அவசரத்தில் இரண்டையும் பதிப்பாளருக்கு அனுப்பித் தொலைத்திருந்தாள். அவர் முதலாவதை அச்சுக்குக் கொடுத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த அத்தியாயத்தில் சிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். தொட்டிலில் தூங்கும் ஒரு வயதுக் குழந்தையை விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போய், பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். அக்கா இதை ஒரே ஒரு முறை, பாத்திரம் துலக்கிக்கொண்டே தங்கையிடம் சொல்லியிருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை, அவ்வளவு நம்பிக்கை. அந்தக் குழந்தைதான் இப்போது கல்லூரிக்குப் போகிற பெண்.

கடைக்காரர் கதவைத் தட்டினார். “மேடம், போலாமா? உக்கார எடமில்ல, அவ்வளவு கூட்டம்.”

“சார், இந்தப் புத்தகத்த இன்னைக்கு விக்க வேண்டாமே. ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“நல்லாச் சொன்னீங்க போங்க! பாதி வித்தாச்சு. முதல் பிரதி உங்க அக்கா பொண்ணுதான் வாங்கியிருக்கு.”

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பிரதி வாங்கியவர் ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். எழுதியவர் அதை அப்படியே வாசிக்க வேண்டும். எழுத்தாளர்கள் நல்ல இடமாகப் பொறுக்கி வாசித்து ஏமாற்றுகிறார்கள் என்பது கடைக்காரரின் பல வருஷக் கடுப்பு.

முன் வரிசையில் அக்கா, வேலை முடிந்து நேரே வந்த களைப்போடு உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, மற்றவர்களுக்கு முன்பே கைதட்டினாள். பக்கத்தில் மகள் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் கைதட்டவில்லை.

“இதுல உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு?” என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

“எல்லாமே கற்பனைதான்!”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டதில் யாரோ சிரித்தார்கள். மகள் தலையை நிமிர்த்தினாள். கடைக்காரர் அவள் பக்கம் திரும்பி, “நீ சொல்லும்மா, எந்தப் பக்கம்?” என்றார்.

“எண்பத்தெட்டு.”

எழுதியவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நினைவிலிருந்த தபால்காரரை வாசிக்கத் தொடங்கினாள். தபால்காரர் பையை மாட்டினார், சைக்கிளைத் தள்ளினார். வரியோடு வரியாக விரல் வைத்துப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். “நீங்க வேற பக்கத்தப் பாக்குறீங்க” என்று ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரைத் திருத்தினார்.

“சித்தி, புத்தகத்துல அப்படி இல்லையே” என்று மகள் எழுந்தாள். யாரும் தடுப்பதற்குள் அவளே வாசித்தாள். “சிட்டு பெட்டியை மூடினாள். அதில் அவளுடைய துணிகள் மட்டும்தான் இருந்தன. தொட்டிலை ஒரு முறை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.” குரல் உடைந்தது. “அம்மா, சிட்டுன்னா நீதானே? என்னை விட்டுட்டாம்மா போன?”

அக்கா புத்தகத்தை வாங்கி, கண்ணாடி இல்லாததால் தள்ளிப் பிடித்து, அந்தப் பக்கத்தை முழுவதும் படித்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

“இத யாருடி உனக்குச் சொன்னா?”

“நீதான்க்கா…”

“கெளம்பிப் போனேன்னு சொன்னேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன்னு சொன்னேன். இவள விட்டுட்டுப் போனேன்னு எப்படி சொன்னேன்?”

சொல்லவில்லைதான். தங்கையும் கேட்கவில்லை. பெஞ்சில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருப்பதுதான் கதைக்கு எடுப்பாக இருந்தது. எழுதி எழுதி அவளே அதை நம்பிவிட்டாள்.

அக்கா மகளிடம் திரும்பினாள். “அந்தப் பெட்டியில பாதி உன் துணிடி. நீ என் மடியிலதான் தூங்கின. எழுந்து பசின்னு அழுத. திரும்பி வந்துட்டேன்.” மறுபடி தங்கையிடம், “ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. இத்தனை வருஷமா என்னைப் பத்தி இப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தியா நீ?” என்றாள்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மகளும் பின்னாலேயே போனாள்.

கூட்டம் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்துவிட்டு, வழக்கம்போல் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றது. முதலில் வந்த பெரியவர் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. எண்பத்தெட்டைத் திறந்து மேசையில் வைத்தார். அவள் மகள் வாசித்த வரிகளைப் பேனாவால் அடித்தாள்.

“இன்னும் நல்லா அடிங்கம்மா, தெரியுது.”

அடுத்தவரும் அதே பக்கத்தைத்தான் நீட்டினார். அதற்கடுத்தவரும். அவள் குனிந்த தலை நிமிராமல் அடித்துக்கொண்டே இருந்தாள். அக்கா இனி தன்னோடு பேசவே மாட்டாள் என்று பயந்தாள்.

“சித்தி.”

மகள் மூச்சிரைக்க எதிரே நின்றாள்.

“அம்மா உங்ககிட்டப் பேச மாட்டாங்களாம். ஆனா கார்ல எடம் இருக்காம், வர்றதுன்னா சீக்கிரம் வரச் சொன்னாங்க.”

தங்கை அத்தனை பேருக்கு முன்னால் அழுதுவிட்டாள்.