குழிக்குள்: ஒன்று

விடிவதற்கு முன்பே அவளுக்கு வேலை தொடங்கிவிடும். காதில் இயர்போன், மடியில் சூடேறும் லேப்டாப். லிஃப்ட் பழுது பார்க்கும் பத்தொன்பது பேர் முந்தின நாள் பேசி அனுப்பியதைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். எந்த வகை லிஃப்ட், என்ன பழுது, எப்படிச் சரியாயிற்று என்று பிரித்துப் போட வேண்டும். தேய்ந்த பிரேக், கருகிய ஒயர், நடுவில் யாரோ தும்மிய சத்தம். வெடி என்று பேர் வாங்கிய மூத்த மெக்கானிக் ஒரு நட்டைப் பற்றி ஆரம்பித்தால் தன் மாமியார் வரைக்கும் போய்த்தான் திரும்புவார். மௌனி என்று பேர் வாங்கியவர் நேர் எதிர். படம் மட்டும்தான் வரும். ஆறு வருஷத்தில் ஒரு சொல் எழுதியதில்லை.

அந்தப் பத்தொன்பதில் ஒருவனான கணவன் அன்றைக்குப் படியிறங்கிப் போய் மறுபடி ஏறி வந்தான். டார்ச்சை விட்டுவிட்டானாம்.

"ஊர் லிஃப்ட்டையெல்லாம் ஓட்டிவிடுறேன், எனக்கு நாலு மாடி நடை," என்று மூச்சு வாங்கினான்.

"தொப்பை குறையட்டும். போங்க."

"வெடி எங்க இருக்காரு?"

"மாமியார்கிட்ட வந்துட்டாரு."

சிரித்துக்கொண்டே போனான். ஆறு இருபதுக்கு அவள் போனில் அவன் பேருக்கு நேரே வந்தது: "இறங்குறேன்."

அது அவள் உண்டாக்கிய பழக்கம். லிஃப்ட்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் போகிறவர் தன் போனில் "இறங்குறேன்" என்று அழுத்த வேண்டும். வெளியே வந்ததும் "ஏறிட்டேன்". குழிக்குள் எத்தனை பேர் என்ற எண் எல்லார் போனிலும் ஏறும், இறங்கும். ஒருமுறை குழிக்குள் இருந்தவருக்காக இன்னொருத்தர் அவசரத்தில் "ஏறிட்டேன்" என்று அழுத்தித் தொலைக்க, மேலே லிஃப்ட்டை ஓட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தவர் மயிரிழையில் தப்பினார். அதிலிருந்து, அவரவர் போனில் அழுத்தினால் ஒழிய எண் குறையாதபடி அவள் மாற்றிவைத்தாள். சாயங்காலம் அது பூஜ்யம் ஆனால்தான் அவள் தொண்டையில் சோறு இறங்கும்.

அன்று பூஜ்யம் ஆகவில்லை.

அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் எல்லாவற்றையும் கம்பெனி ஆப்புக்கு மாற்றியிருந்தாள். லேப்டாப் அடிக்கடி அணைந்துபோனது. "நம்ம ஆப்ல போட்டுடும்மா, பத்திரமா இருக்கும்," என்றார் முதலாளி. இரண்டு இடத்தில் இருந்தால் ஆட்கள் குழம்புவார்களே என்று அதுவரை எல்லாரும் போனில் வைத்திருந்த பழைய குழுவை அவளே மூடினாள். பழைய குறிப்புகளை அவளே அழித்தாள். புது ஆப்பில் யார் எந்தக் குறிப்பைப் போட்டாலும் மேலாளர் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர் கண்ணில் படும். அந்த வரியை அவள் படித்திருந்தாள். படித்துவிட்டு, சரிதானே என்று நினைத்திருந்தாள்.

குழிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் லிஃப்ட் அசையக் கூடாது. ஒரு வகை லிஃப்ட்டில் மட்டும் அசைகிறது என்று கண்டுபிடித்தவர் மௌனி. படம் போட்டு, முதல்முறையாக எழுதவும் செய்தார்: "சிவப்பை நம்பாதீங்க." இரண்டு நாள் அது மேலாளரின் அனுமதிக்குக் காத்துக் கிடந்தது. அவளுக்கே வந்து சேரவில்லை. அதே வகை லிஃப்ட்டின் குழிக்குள் கணவன் சிவப்பை அழுத்தினான். நம்பிக் குனிந்தான்.

இருபது நாள் கழித்து முதலாளி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காரும்மா. விசாரிக்க அதிகாரி வர்றார். ஆப்ல இன்னும் ஒண்ணுன்னு நிக்குது பாரு. வீட்டுக்காரர் போன் உன்கிட்டதானே? 'ஏறிட்டேன்'னு அழுத்திடு."

"அவர் ஏறலையே, சார்."

"ஒரு ஒழுங்குக்குத்தான்மா."

"எங்களோட குறிப்பெல்லாம் என்னாகும்?"

"அது இப்ப கம்பெனியோடது. நீ அழுத்து, நாளைக்கே எல்லாருக்கும் திறந்துவிடுறேன். இல்லேன்னா மொத்தத்தையும் மூடிட வேண்டியதுதான்."

கருவி அறையில் பதினெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். கிரீஸும் வேர்வையும் கலந்த வாடை. அவன் சட்டையின் வாடை. அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, முதலாளி கேட்டதைச் சொன்னாள்.

"அழுத்திடலாம்னு இருக்கேன்," என்றாள். "அவர் வரப்போறதில்ல. நீங்களாவது ஏறி வரணும்."

வெடியை முந்திக்கொண்டு பேசியது மௌனி.

"அழுத்தாதீங்க அண்ணி. வேலை முடிஞ்சு ஏறிட்டார், அப்புறம் அவராத்தான் இறங்கினார்னு எழுதிடுவாங்க. செத்தவன் மேலயே பழி."

மௌனியின் குரல் இப்படி இருக்கும் என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஆறு வருஷக் குறிப்பு, அண்ணே. நான்தானே அழிச்சேன்."

"எல்லாம் என் வாயில இருக்கும்மா," என்றார் வெடி. கண் கலங்கியிருந்தது. "நான் சொல்றேன், நீ எழுது. மாமியாரை விட்டுடறேன்."

யாரோ சிரித்தார். சிரித்தது தப்போ என்று உடனே நிறுத்திக்கொண்டார்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "மூணு இடத்துல லிஃப்ட் நிக்குது. யார் போறீங்க?"

ஒருவரும் ஸ்பேனரைத் தொடவில்லை.

"ஒருத்தர் போடற எச்சரிக்கை அந்த நிமிஷமே எல்லார் கண்ணுலயும் படணும்," என்றார் வெடி. "அதுவரைக்கும் எந்தக் குழியிலயும் இறங்கமாட்டோம்."

பின்னாலேயே முதலாளி வந்தார். "வெளியில ஆளே இல்லையா எனக்கு?"

"வரட்டும் சார். அவங்ககிட்டயும் சிவப்பைப் பத்திச் சொல்லுவோம்," என்றார் வெடி.

மதியத்துக்குள் பதினெட்டுப் பேர் போனிலும் ஆப் பூட்டிக்கொண்டது. வாசல் படியில் உட்கார்ந்தார்கள். அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அது அணையாமலிருக்க ஒருவர் அட்டையால் விசிறினார். வெடி சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் திருத்தினார்கள், சண்டை போட்டார்கள், போனில் மிச்சமிருந்த படங்களைத் தேடினார்கள். முதல் வரியாக அவள் மௌனியின் வரியை எழுதினாள்.

புது ஆட்களுடன் வேன் ஒன்று உள்ளே போனது. மௌனி கூடவே ஓடி, ஜன்னலைத் தட்டித் தட்டிச் சொன்னார். அவர்கள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

கணவனின் போனை மட்டும் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை. அதில் இன்னும் நிற்கிறது: குழிக்குள், ஒன்று.